எதிர் இருக்கைக்காரர்கள்

சென்னியப்ப அண்ணன் போண்டா தின்றதை நான் பார்த்தது தற்செயல்தான். அவர் பின்னாலேயே முக்கால் கிலோமீட்டர் நடந்து போன பிறகு பார்த்தேன் என்றாலும், தற்செயல்தான்.

அவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். வடவள்ளியில் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் அவருடைய கம்பிக்கதவுக்கும் என் கம்பிக்கதவுக்கும் நடுவில் நாலடிதான். அந்த நாலடிக்குள் யார் வந்தாலும் போனாலும் எனக்குத் தெரியும். தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் சிரமம். பம்ப்செட் பவுண்டரியில் முப்பத்து நாலு வருஷம் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பழனாத்தாள் போய் நாலு வருஷமாகிறது. ஒரே மகள் ஓசூரில். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவர்த்திரையில் வந்து, "அப்பா, மாத்திரை?" என்பாள். இவர் "ஆச்சு" என்பார். அந்த வாரத்துப் பேச்சு அத்தோடு முடிந்தது.

எனக்கு அந்தக் குறையெல்லாம் கிடையாது. எங்கள் வீட்டுக்காரர் இருக்கிறார். இருக்கிறார் என்பதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் "காப்பி", மத்தியானம் "மோர்", ராத்திரி "லைட்ட அணை." ஒரு நாளை இத்தனை சுருக்கமாக முடிக்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போகட்டும், போண்டாவுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் 'இதம்' பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் சின்னவளாக இருந்தபோது ஆரோக்கிய உணவகம் என்றால் சுவரில் கேழ்வரகுக் கதிர் படம், மண் குவளையில் கம்மங்கூழ், வெளியே ஒரு மாட்டுவண்டிச் சக்கரம். சாப்பிட்டு வந்தால் ஆரோக்கியம் வந்ததோ இல்லையோ, பெருமை வரும். இப்போது அப்படியில்லை. இதம் வாசலில் ஆளுக்கொரு தடுப்பறை. உள்ளே போய், வெதுவெதுப்பான ஒரு கல்லின் மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். உங்கள் வேர்வையிலிருந்து அது என்னென்னவோ படித்து ஒரு சீட்டைத் தரும். நீங்கள் போய் உட்காருவதற்குள் உங்களுக்கென்று அளந்த தட்டு வந்துவிடும். ஒருவருக்குச் சாமைச் சோறு, ஒருவருக்கு அரை இட்லியும் ஒரு குன்று கீரையும். கல்யாணமாகி நாற்பது வருஷமானவர்களும் ஒருத்தர் தட்டிலிருந்து ஒருத்தர் ஒரு வாய் எடுக்க முடியாது. அவரவர் தட்டு அவரவர் மருந்து.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சீட்டில் புதிதாக ஒரு வரி வர ஆரம்பித்தது. பொரித்த அப்பளம் சேர்க்க வேண்டாம், கீரை ஒரு கிண்ணம், சாமை ஒன்றரைக் கரண்டி, துணை நாற்பது நிமிடம்.

துணை! எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன். சீட்டில் துணை என்று வந்துவிட்டால் உணவகமே எதிர் இருக்கையில் ஒருவரை உட்கார வைக்கும். அவர்களும் உங்களோடு சாப்பிடுவார்கள், பேசுவார்கள், நாற்பது நிமிடத்தில் எழுந்து போவார்கள். "அவர்கள் பணியில் இருப்பவர்கள். வேலை, சம்பளம் பற்றிக் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம்" என்று மேஜைக்கு மேஜை ஒரு குறிப்பு.

சென்னியப்ப அண்ணனுக்கு எட்டு மாதம் முன்னால் துணை எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகு தினமும் பன்னிரண்டரைக்கு இஸ்திரி போட்ட சட்டை. தலையில் தண்ணீர் தொட்டு வாரிய வகிடு. எதிர் இருக்கையில் ஒரு அம்மாள் என்பதை நான் மூன்றாம் நாளே விசாரித்துவிட்டேன். அதற்கு மேல் யோசிக்க எனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

அதனால்தான் அன்று சாயங்காலம் அவர் திருடன் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு கிளம்பியபோது நானும் செருப்பை மாட்டினேன். அவர் போய் நின்றது பஸ் டிப்போ பின்புறம் இருக்கும் வடைக்கடையில். எண்ணெய்ச் சட்டி வைக்கத் தனி லைசென்ஸ் வாங்க வேண்டிய காலம் இது. கடை நெற்றியில் வெடித்துப்போன இதயத்தின் படத்தை அரசாங்கமே மாட்டியிருந்தது. அந்தப் படத்துக்கு நேர் கீழே நின்று, சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அண்ணன் நாலாவது போண்டாவைப் பிட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிற மனுஷன். கூடவே ஒரு தட்டு ஜிலேபி.

"ஏனுங்கண்ணா, சட்னி வெக்கச் சொல்லட்டுங்ளா?" என்றேன்.

அவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, "அம்மணி... நீங்க எங்கீங்க இங்க?" என்றார்.

"காத்தாட வந்தனுங்."

"பஸ் டிப்போவுக்குப் பொறத்தாலீங்களா?"

"அத உடுங். ஒரு சொட்டு எண்ணெ ஆகாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்கல்ல? மகளுக்குத் தெரிஞ்சா என்னாகும்?"

"சொல்லீராதீங் அம்மணி. உங்களக் கும்புட்டுக்கறேன்." கையில் எண்ணெயோடே கும்பிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தின்னோணும்னு ஆசப்பட்டுத் திங்கலீங். போன மாசம் சர்க்கர நல்லா எறங்கிப் போச்சுங்" என்றார்.

"எறங்குனா நல்லதுதானுங்?"

"எறங்குனா துணைய நிறுத்திருவாங். இன்னும் ரெண்டு வாரம் இப்படியே இருந்தா உங்களுக்குத் துணை வேண்டாம்னு அங்க மேனேஜரா இருக்கற நஸ்ரின் பாப்பா சொல்லிப் போடுச்சு. அப்பறம் அந்த மரகதம்மாளுக்கு அங்கென்ன வேல? மூணு பசங்க, ஏழு பேரம்பேத்தி, அத்தன பேருக்கும் ஆக்கிப் போட்டுட்டு, பாவம், எனக்கு முன்னால வந்து உக்கார்றாங். நா நல்லாயிட்டனுங்கறதுக்காக அவுங்க வேல போறது ஞாயமுங்ளா?"

ஊருக்கே தெரிந்த கல்நெஞ்சு ஃபோர்மேன். ஒரு அச்சு பிசகினால் ஆளை வெயிலில் நிறுத்துவாராம். அவர் ஒரு அம்மாளின் வேலை போகக்கூடாதென்று போண்டா தின்கிறார். நான் நம்பவில்லை. "வேலை போயிருமாம்" என்று வீட்டுக்கு வந்து எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் அன்றைய பங்கை ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்.

ஆனால் ஒரு மாதத்தில் சிரிப்பு நின்றது. அண்ணனுடைய இடது காலில் கட்டு. பெருவிரல் கறுத்துவிட்டதாம். சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டும், விரலோடு நிற்குமா என்றும் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். இதையெல்லாம் நான் எப்படி அறிந்தேன் என்று கேட்காதீர்கள். அந்தக் காலை இழுத்துக்கொண்டு பன்னிரண்டரைக்கு இதம், ஐந்து மணிக்கு டிப்போ. ஒரு நாளும் தவறவில்லை.

"அண்ணா, ஒரு அம்மாளோட வேலைக்காகக் காலக் குடுப்பீங்ளா?" என்று கம்பிக்கதவு வழியாகக் கேட்டேன்.

"கால வெச்சுட்டு எங்க போறதுங் அம்மணி?" என்றார்.

அந்த வாரம்தான் என் நாத்தனார் ஈஸ்வரி போன் பண்ணினாள். கல்வீரம்பாளையத்தில் இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் என்னை விட அதிகம் விசாரிக்கிற ஒரே ஆள்.

"அண்ணி, எங்க பக்கத்து ஊட்டு மரகதக்காவுக்கு மயக்கம் வந்துருச்சுங்க. நாந்தான் தூக்கி உக்கார வெச்சேன். சர்க்கர நானூறு. பீரோவத் தொறந்தா, துணிக்கு நடுவுல அல்வாப் பொட்டலமா அடுக்கி வெச்சிருக்குது!"

மரகதம் என்ற பேரைக் கேட்டதும் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பசங்க பாக்க மாட்டாங்களா ஈஸ்வரி? மூணு பசங்கன்னு..."

"பசங்களா? யாரு சொன்னாங்? கொழந்தயே இல்லீங் அண்ணி அந்தக்காவுக்கு. வீட்டுக்காரரு போயி ஆறு வருசம். மேலயும் கீழயுமா அத்தாப் பெரிய ஊடு, ஒத்த ரூம்லதான் லைட் எரியும். அதக் கேளுங்க, அல்வா எதுக்குன்னா, இதம் ஓட்டல்ல அதுக்குத் துணைக்குன்னு ஒரு ஆளப் போட்டிருக்காங்களாம். இதுக்கு ஒடம்பு நல்லாயிட்டா அந்தாளுக்கு வேல போயிருமாம்! வயசான மனுசன், வூட்ல கண்டிப்பான பொண்டாட்டி, வேல போச்சுன்னா அந்தம்மா வஞ்சு தீத்துருவாங்கன்னு இதுக்குக் கவல. அந்தம்மா இன்னைக்கு என்ன ஆக்குனாங்க, எதுக்குச் சண்ட போட்டாங்கன்னு அந்தாளு தெனமும் சொல்லுவாராம். பழனாத்தா அப்படி, பழனாத்தா இப்படின்னு இதும் எங்கிட்ட ஒப்பிக்குது. பாக்காத பொம்பளைக்கு இது பொங்கலுக்குச் சேல வேற எடுத்து வெச்சிருக்குது."

பழனாத்தாளைக் கடைசியாகக் குளிப்பாட்டி, கன்னத்தில் மஞ்சள் பூசி, சேலை கட்டி அனுப்பியவள் நான்.

என் பழக்கத்துக்கு, அடுத்த மூச்சில் ஈஸ்வரியிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. "அப்படியா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். "அண்ணி, உங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்ளா?" என்று அவள் திரும்பவும் போன் பண்ணிக் கேட்டாள்.

அதாவது, அவர் அந்த அம்மாளைப் பணிக்கு வந்தவள் என்று நினைக்கிறார். அந்த அம்மாள் இவரைப் பணிக்கு வந்தவர் என்று நினைக்கிறாள். இரண்டு பேரும் நோயாளிகள். இரண்டு பேருக்கும் வீட்டில் யாருமில்லை. அவள் ஏழு பேரப்பிள்ளைகளைப் பெற்று, பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். இவர் செத்துப்போனவளைத் தினமும் ஒரு மணிக்குச் சமைக்க வைத்துக்கொண்டிருக்கிறார். ஒருத்தர் வேலையை ஒருத்தர் காப்பாற்ற அவர் போண்டா, அவள் அல்வா.

இந்த ஊரில் இரண்டு பாதியும் கையில் இருந்த ஆள் நான் ஒருத்திதான்.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் காலையில் அண்ணன் கட்டை மாற்றும்போது அந்த விரலைப் பார்த்தேன். அதற்குப் பிறகு பொறுக்க முடியவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொன்னால் சிரிப்பார் என்று நினைத்தேன். "அடக் கெரகமே, இனி போண்டா வேண்டாம்" என்று எழுந்து குளிக்கப் போவார் என்று நினைத்தேன். நல்ல சேதி கொண்டுவந்தவள் மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன்.

அவர் பாதி சுற்றிய கட்டுத் துணியைக் கீழே விட்டார்.

"அப்ப, கிருத்திக்கும் இல்லீங்ளா?" என்றார்.

"யாருங்?"

"ரெண்டாவது பையனோட மூத்தவ. கணக்கு வராதுன்னு அழுவா. நாந்தான் பின்னக் கணக்கு ஒரு தாள்ல போட்டுக் குடுத்தேன். போன வாரம் தொண்ணூத்தி ஒண்ணு வாங்கிட்டாளாமா." விரல் விட்டு எண்ணினார். "கிருத்தி, சஞ்சு, யாழினி, ரெட்டப் பசங்க ரெண்டு பேரு, அந்த வாயாடி நேகா, கைக்கொழந்த ஒண்ணு, இன்னும் பேர் வெக்கல. பேரு நீங்களே சொல்லுங்கன்னு எங்கிட்டக் கேட்டிருந்தாங்."

நான் அந்த மனுஷனின் விரலைக் காப்பாற்றப் போனவள். அன்று காலையில் அவருக்கு ஏழு குழந்தைகள் ஒரே சமயத்தில் இல்லாமல் போனார்கள். இறந்திருந்தால்கூடத் துக்கம் கேட்க நாலு பேர் வருவார்கள்.

"அண்ணா, இப்ப என்ன கெட்டுப் போச்சு?" என்றேன். "அவுங்களும் தனி, நீங்களும் தனி. உண்மையச் சொல்லீட்டு அதே மேசைல உக்காந்து பேசலாமுங்."

"என்ன பேசறதுங்?"

நான் கீழே கிடந்த கட்டுத் துணியை எடுத்துச் சுருட்டினேன்.

"அங்க ஒரு மணிக்கு எம்பட பழனாத்தா இருக்கறாளுங் அம்மணி" என்றார். "இங்க பாருங், இந்த வூட்ல எங்கயும் இல்ல. படத்துலகூட அவ மாதிரி இல்ல. அங்க போயி உக்காந்தா, அவுங்க கேட்ட ஒடனே வந்துருவா. வாய் ஓயாம என்னய வைவா. நா அவுங்க வேலைக்காகத்தான் போறேன்னு உங்ககிட்டச் சொன்னது பாதி. இது மீதி." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "அவுங்களுக்குச் சொல்லீட்டீங்ளா?"

"இல்லீங்."

"சொல்லீராதீங். அவுங்க மனசுலயாச்சும் அவ இருக்கட்டும்."

"அப்ப நீங்க எப்பவும்போலப் போயிட்டு வாங். தெரியாத மாதிரி இருந்துக்குங்."

"நா இரும்பு உருக்குனவனுங். நடிக்கத் தெரியாது. கிருத்தி எப்படி இருக்கறான்னு கேக்கறப்பவே மூஞ்சி காட்டிக் குடுத்துரும். அவுங்க கண்டுபுடிச்சுட்டாங்கன்னா அவுங்களுக்கு ஏழும் போயிரும், எனக்கு இவளும் போயிருவா."

அன்றோடு இதம் போவதை நிறுத்திவிட்டார். டிப்போவும் நின்றது. விரல் பிழைத்தது. டாக்டர் தட்டிக்கொடுத்தாராம், மகள் சுவரில் வந்து "சூப்பர்ப்பா" என்றாளாம். சட்டைக்கு இஸ்திரி நின்றது. மத்தியானம் ஒரு மணிக்கு அவர் வீட்டில் ஒரு தட்டு வைக்கும் சத்தம் கேட்கும், ஐந்து நிமிடத்தில் கழுவி வைக்கும் சத்தம் கேட்கும். நடுவில் ஒன்றுமில்லை. எனக்குக் காது நல்ல கூர்மை. அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது தண்டனை மாதிரி இருந்தது.

பத்து நாள் கழித்து ஈஸ்வரி மறுபடியும் கூப்பிட்டாள். "அந்தாளு வேலைய உட்டு நின்னுட்டாராம் அண்ணி. புது ஆளப் போடறோம்னாங்களாம், மரகதக்கா வேண்டாம்னுருச்சு. அந்தப் பழனாத்தாளுக்கு என்னமோ ஆயிருச்சு, இல்லாட்டி அவரு சொல்லாம நிக்க மாட்டாருன்னு பொலம்பிட்டே கெடக்குது. பச்சத் தண்ணி எறங்க மாட்டேங்குது. அல்வாகூடத் திங்கறதில்ல."

நான் கிளம்பிவிட்டேன்.

இதம் மேலாளர் நஸ்ரின் சின்னப் பெண், முப்பது முப்பத்திரண்டு இருக்கும். என்னை உள்ளறையில் உட்கார வைத்தாள். நான் நியாயம் கேட்கப் போனவள், நன்றாகவே கேட்டேன். "ரெண்டு நோயாளிய எதிரும் புதிருமா உக்கார வெச்சு, ரெண்டு பேர்கிட்டயும் மத்தவங்க வேலையாள்னு சொல்லுவீங்களா? இது மோசடி இல்லையா கண்ணு?"

அவள் கோபப்படவில்லை. "முதல்ல உண்மையச் சொல்லித்தான்மா உக்கார வெச்சோம்" என்றாள். "தனியாச் சாப்பிடறவங்க வேர்வையில ஒரு சுரப்பு ஏறிக் கிடக்கும். அது ஏறியிருந்தா என்ன கீரை போட்டாலும் சர்க்கரை இறங்காது. சரி, தனியா இருக்கற ரெண்டு பேரச் சேர்த்து உக்கார வைப்போம்னு பாத்தோம். ஒருத்தரும் ரெண்டாம் நாள் வரல."

"ஏன்?"

"வெக்கம்மா. நமக்கு யாருமில்லேன்னு இன்னொருத்தருக்குத் தெரிஞ்சிருக்கே, அந்த வெக்கம். வயசான ஆணும் பொண்ணும் ஒரே மேசைன்னா அக்கம்பக்கம் என்ன பேசும்னு வேற பயம்." இதைச் சொல்லும்போது என்னை எதற்குப் பார்த்தாள் என்று தெரியவில்லை. "எதிர்ல இருக்கறவங்க பணிக்கு வந்தவங்கன்னு சொன்னோம். அடுத்த வாரமே மேசை நெறஞ்சு போச்சு. வேலைக்கு வந்தவங்ககிட்ட மனுஷங்க ரொம்ப அன்பா இருக்காங்கம்மா. அவங்களச் சங்கடப்படுத்தக் கூடாதுன்னு நெனைக்கறாங்க. ஆனா வேலை போயிடும்னு இனிப்புச் சாப்பிடுவாங்கன்னு நாங்க யோசிக்கல. துணை குடுக்க இயந்திரம் வேர்வையப் பாக்கும். நிறுத்தறதுக்குச் சர்க்கரைய மட்டும்தான் பாக்கும். அத மாத்தச் சொல்லி எழுதியிருக்கேன்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கூடம் நிறைந்திருந்தது. நாற்பது மேஜை. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் குனிந்து பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ சத்தமாகச் சிரித்தார்கள்.

"இதுல உங்க ஆளுங்க எத்தன பேரு?" என்றேன்.

நஸ்ரின் இல்லையென்று தலையசைத்தாள். ஒருவர்கூட இல்லை. அத்தனை பேரும் எதிரே இருப்பவர் சாயங்காலம் நிறைந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறார் என்று நம்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மரகதம்மா மேசைக்கு நா வந்து உக்கார்றேன்" என்றேன். "நாந்தான் புது ஆளுன்னு சொல்லு."

"அப்படியெல்லாம் முடியாதும்மா. இங்க வேலையாள்னு ஒரு இருக்கை கெடையாது. உங்க கைக்குத் துணைன்னு வந்தாத்தான் இயந்திரம் உங்களுக்கு எடம் குடுக்கும்."

"எனக்கா? எனக்கு வீட்டுக்காரர் குத்துக்கல்லாட்டம் இருக்கறாரு. தெரு பூரா என்னயத் தெரியும். உன்ற கல்லு என்னயப் பாத்துத் துணை வேணும்னு சொல்லுமா?"

"வெச்சுத்தான் பாருங்களேன்" என்றாள்.

வைத்தேன். கல் நினைத்ததைவிட வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ கையைப் பிடித்த மாதிரி. சீட்டு வந்தது. உப்பைக் குறைக்கவும், முருங்கைக்கீரை ஒரு கிண்ணம். மூன்றாவது வரியை இரண்டு தரம் படித்தேன். மற்றவர்களுக்கெல்லாம் நாற்பது நிமிடம்தான். எனக்கு ஒரு மணி நேரம் போட்டிருந்தது.

நஸ்ரின் நல்ல பெண். அந்த நேரம் பார்த்து எங்கோ போன் பேசப் போய்விட்டாள்.

மறுநாள் ஒரு மணிக்கு மரகதம்மாள் எதிரே போய் உட்கார்ந்தேன். ஈஸ்வரி போய்க் கெஞ்சி அனுப்பியிருந்தாள். ஒடிசலான உடம்பு, காதில் பெரிய வைரத்தோடு, பாலாடை நிறத்தில் சேலை. இத்தனை மாதம் பேரை மட்டும் கேட்டு என்னென்னவோ கற்பனை செய்திருந்தேன். எதிரில் இருந்தவளோ, பரீட்சைக்குப் பேனா கொண்டுவர மறந்த பிள்ளை மாதிரி இருந்தாள். தட்டைத் தொடவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்" என்றாள். "உங்களுக்கு முன்னால ஒருத்தரு இருந்தாருங். அவரு ஏன் நின்னுட்டாருன்னு உங்களுக்கு எதாச்சும் தெரியுங்ளா?"

இந்த வாய் உண்மையை ஒருதரம் சொல்லி என்ன பண்ணியது என்று பார்த்தாகிவிட்டது.

"கேள்விப்பட்டனுங்" என்றேன். "அவரு வீட்டுக்காரம்மாவுக்குக் கொஞ்சம் முடியாமப் போச்சாமுங். காய்ச்சல். பக்கத்துலயே இருக்கோணும்னு வேலைய நிறுத்திக்கிட்டாராமுங்."

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "பழனாத்தாளுக்கா? இப்ப எப்படீங் இருக்குது?"

"பொழச்சுக்கிட்டாங். எந்திரிச்சு உக்காந்துட்டாங். இனி பயமில்லையாமுங்."

"அப்பாடா." கண்ணை மூடித் திறந்தாள். "நல்லா இருக்கோணுமுங் அந்தம்மா. அவரு அவுங்கள உட்டா ஒரு நாள் இருக்க மாட்டாருங்." பிறகு முதல் வாய் எடுத்து வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். இரண்டாவது வாயும் எடுத்தாள். கீரையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, "எம்பேத்தி ஒருத்தி இருக்கறா, கிருத்தின்னு" என்று ஆரம்பித்தாள். "இந்தக் கீரையக் கண்டாலே ஓடுவா. நீச்சலுக்குச் சேத்து உட்டிருக்கறமுங் இப்ப."

நான் யாரிடமும் எதையும் விசாரிக்காமல் விட்டதில்லை. எந்த நீச்சல் குளம், வாத்தியார் யார், எத்தனை மணிக்கு என்று கேட்டிருப்பேன். "தண்ணிக்குப் பயப்பட மாட்டாளுங்ளா?" என்று மட்டும் கேட்டேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மாட்டாளாம்.

"உங்க வூட்லீங்?" என்றாள் சாப்பிட்டு முடிக்கையில். "வீட்டுக்காரரு?"

"அத ஏன் கேக்கறீங்" என்றேன். "வாய மூட மாட்டாருங். காலைல ஆரம்பிச்சா தூங்கற வரைக்கும் பேச்சுத்தான். ஒரு வேல செய்ய உட மாட்டாரு. பொறத்தாலயே வந்து வந்து எதையாச்சும் சொல்லிட்டே இருப்பாரு."

"குடுத்து வெச்சவங் நீங்க" என்றாள் மரகதம்மாள்.

ஒரு மணி நேரம் முடிந்தபோது எனக்கும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் சென்னியப்ப அண்ணன் கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கால் கட்டை அவிழ்த்துவிட்டிருந்தார். நான் எங்கே போய் வந்தேன் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க முடியாது. இந்த மாடியில் சேதி சொல்கிறவள் நான்தான். ஆனாலும் தெரிந்திருந்தது.

"சாப்புட்டாங்ளா?" என்றார்.

"முழுசாச் சாப்புட்டாங்."

"கிருத்தி?"

"நீச்சலுக்குப் போறாளாமுங்."

"அது சரி, தண்ணின்னா அவளுக்கு உசுரு" என்றார். கம்பியில் ஒட்டியிருந்த பழைய பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு, "எங்களக் கேட்டாங்ளா?" என்றார்.

"கேட்டாங். வீட்டுக்காரம்மாவுக்குக் காய்ச்சல், அதான் நின்னுட்டாருன்னு சொல்லீட்டனுங். பயப்படாதீங், பொழச்சுட்டாங்கன்னும் சொன்னேன். இன்னைக்கு எந்திரிச்சு உக்காந்து ஒரு டம்ளர் கஞ்சி குடிச்சாங்கன்னு, கெளம்பறப்பச் சொல்லீட்டு வந்தனுங்."

அவர் தலையை நிமிர்த்தினார்.

"கஞ்சியா? அவளா?" என்றார். "காய்ச்சல்ல கெடந்தாலும் கஞ்சின்னா வட்டல வீசிப் போடுவாளுங் அம்மணி. நாளைக்கு ரசஞ்சோறுன்னு மாத்திச் சொல்லீருங். பூண்டு தட்டிப் போட்டது."